சொத்துரிமைச் சட்டத்தை எங்கிருந்து தொடங்குவது: கைடா, பாடநூலா, பேர் ஆக்டா, தீர்ப்பா, பத்திரமா?

மூன்றாண்டுப் படிப்போ ஐந்தாண்டுப் படிப்போ, இந்தியாவில் சட்டம் படிக்கிற எல்லோருக்கும் சொத்துரிமைச் சட்டம் கட்டாயத் தாள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் அதே ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டமும் (அடுத்தவர் நிலத்தின் மேல் உள்ள வழி, நீர் போன்ற உரிமைகள் பற்றியது) அதில் பெரும்பகுதி. சொத்து மாற்றுச் சட்டத்தில் மட்டும் பிரிவு எண் 137 வரை போகிறது. ஒரு பருவத்தில் விடுமுறையும் உள்தேர்வும் போக மீதி நாட்கள் குறைவு என்பதால், எதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். பாதியில் மாற்றினால் இரண்டும் அரைகுறையாகும்.

எங்கள் பரிந்துரையை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். பேர் ஆக்டையும் (விளக்கவுரை இல்லாமல் சட்டத்தின் வாசகம் மட்டும் உள்ள புத்தகம்) ஒரு பழைய கிரயப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொடங்குங்கள். பாடநூல் மூன்றாவதாக வரட்டும். தீர்ப்புகளில் ஏழெட்டை முழுதாகப் படித்தால் போதும். கைடு கடைசி இரண்டு வாரத்துக்கு. இந்த வரிசைக்கான காரணங்கள் கீழே.

கைடு

பெரும்பாலோர் தொடங்குவது இதில்தான். அதில் தப்பும் இல்லை. பழைய கேள்விகள், எந்தத் தலைப்பில் எத்தனை மதிப்பெண் வரும் என்ற கணக்கு, விடைக்கான உட்தலைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

சிக்கல், பழைய சட்டத்தைப் புதிய அட்டையில் போட்டு விற்கும் கைடுகளில். வாங்குவதற்கு முன் கடையிலேயே மூன்று இடங்களைப் புரட்டிப் பாருங்கள்.

முதலாவது பிரிவு 53ஏ. நிலத்தை வாங்க ஒப்பந்தம் போட்டு, அதன்படி சுவாதீனத்துக்கு (நிலத்தைத் தன் கைவசம் எடுத்து) வந்து, தன் பங்கை நிறைவேற்றத் தயாராக இருப்பவரை உரிமையாளர் வெளியேற்ற முடியாது என்று காக்கும் பிரிவு இது. ஒப்பந்தம் பதிவாகாவிட்டாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்பது 2001 செப்டம்பர் 24க்கு முந்தைய நிலை. அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் 53ஏயில் சில சொற்களை நீக்கியது. பதிவுச் சட்டத்தில் 17(1ஏ) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. அதன் பிறகு எழுதப்பட்ட ஒப்பந்தம் பதிவானால்தான் 53ஏ கைகொடுக்கும். பழைய நிலையையே சொல்லும் கைடு என்றால் அந்தப் பக்கத்தோடு மூடி வைத்துவிடலாம்.

இரண்டாவது பிரிவு 106. வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ், வாடகை மாதத்தின் கடைசி நாளோடு கச்சிதமாக முடிய வேண்டும் என்றிருந்தது. ஒரு நாள் பிசகினாலும் வழக்குத் தோற்கும். 2002ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மாற்றியது. மாதவாடகை என்றால் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 15 நாள். நோட்டீஸில் குறித்த காலம் குறைவாக இருந்தாலும், உரிய காலம் கழிந்த பிறகு வழக்குப் போட்டிருந்தால் அந்தக் குறையை மட்டும் காட்டித் தள்ள முடியாது.

மூன்றாவது, தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். 1960ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எத்தனை மாத வாடகையானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்கிறது அது. 1960ஐ இன்னும் நடப்புச் சட்டமாகச் சொல்லும் கைடு 2019க்குப் பிறகு யாராலும் திருத்தப்படவில்லை என்று பொருள்.

தடித்த பாடநூல்

ஆழம் வேண்டும் என்றால் இதுதான். ஒரு பிரிவு ஏன் அப்படி எழுதப்பட்டது, ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து எங்கே விலகியது, உயர் நீதிமன்றங்கள் எங்கே முரண்பட்டன என்பதெல்லாம் இதில்தான் கிடைக்கும்.

பாடநூல் பிரிவு எண் வரிசையிலேயே போகும். முதல்முறை படிப்பவரை மடக்கிப் போடுவது அந்த வரிசைதான். விற்பனை என்றால் என்ன, தானம் என்றால் என்ன என்று தெரிவதற்கு முன்பே பிரிவு 10 முதல் 18 வரை வந்துவிடும்: நிபந்தனைகள், பிறக்காதவருக்கு எழுதிவைப்பது, நெடுங்காலக் கட்டுப்பாட்டுக்குத் தடை. எதற்கு விதிவிலக்கு என்று தெரியாமல் விதிவிலக்கைப் படிக்கிற நிலை. மூன்றாவது வாரத்தில் புத்தகத்தை மூடுபவர்கள் அநேகமாக பிரிவு 14இல்தான் மூடுகிறார்கள்.

வரிசையை மாற்றுங்கள். பிரிவு 5இல் மாற்றம் என்றால் என்ன என்று பார்த்துவிட்டு நேராக விற்பனைக்கு (54, 55) போங்கள். அடுத்து தானம் (122 முதல் 126), குத்தகை (105 முதல் 108, பிறகு 111), அடமானம் (58 முதல் 60), பரிவர்த்தனை (118). இந்த ஐந்தும் பிடிபட்ட பின் பிரிவு 3, 6, 8க்குத் திரும்புங்கள். 10 முதல் 18 வரை அதற்குப் பிறகு. 35, 41, 43, 52, 53, 53ஏ கடைசியில்.

இந்த வரிசையில் வந்தால் பிரிவு 13 எளிதாகிவிடும். "என் மகன் ஆயுள்வரை அனுபவிக்க, அவனுக்குப் பின் அவனுக்குப் பிறக்கப்போகும் மூத்த பிள்ளைக்கு" என்று ஒருவர் எழுதிவைக்கிறார். அந்தப் பிள்ளைக்கு மீதி உரிமை முழுவதும் போனால் செல்லும். "அந்தப் பிள்ளையும் ஆயுள்வரை மட்டும்" என்று எழுதினால், பிள்ளைக்கு எழுதிய பகுதி செல்லாது. மகனுடைய ஆயுள் உரிமைக்கு ஒன்றும் ஆகாது. செட்டில்மென்ட் பத்திரம் ஒன்றைப் பார்த்தவருக்கு இதில் குழப்பம் வராது.

பேர் ஆக்ட்

மெலிதான புத்தகம், விலையும் குறைவு. அரசின் இந்தியா கோட் தளத்தில் காசில்லாமலும் படிக்கலாம். பட்டம் பெற்ற பின் எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வில் உள்ளே கொண்டுபோக அனுமதிப்பது குறிப்பெழுதாத பேர் ஆக்டை மட்டுமே. எந்தப் பிரிவு எந்தப் பக்கத்தில் என்று விரலுக்குத் தெரிந்திருப்பது அங்கே மதிப்பெண்ணாக மாறும்.

பிரிவின் வாசகத்தைவிட அதன் கீழே உள்ள உதாரணத்தை முதலில் படியுங்கள். பிரிவு 35 நல்ல எடுத்துக்காட்டு. சுல்தான்பூர் பண்ணை சி என்பவருடையது; மதிப்பு 800 ரூபாய். ஏ ஒரு தானப் பத்திரம் எழுதுகிறார்: அந்தப் பண்ணை பிக்கு, சிக்கு 1,000 ரூபாய். தனக்குச் சொந்தமில்லாத பண்ணையைத்தான் ஏ கொடுக்கிறார். சி இப்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பண்ணையை விட்டுக்கொடுத்தால் 1,000 ரூபாய் கிடைக்கும். பண்ணையை வைத்துக்கொண்டால் பணம் போய்விடும். சி தேர்வு செய்யும் முன் ஏ இறந்துபோய், சி பண்ணையையே வைத்துக்கொண்டால், அந்த ஆயிரத்திலிருந்து 800 ரூபாயை ஏயின் வாரிசு பிக்குக் கொடுக்க வேண்டும். இந்த எண்களோடு "தேர்வுக் கோட்பாடு" முழுவதும் மனதில் நிற்கும். பிரிவின் நீண்ட வாசகத்தை மனப்பாடம் செய்தவருக்கு அப்படி நிற்பதில்லை.

பேர் ஆக்டை மட்டும் நம்பினால் இரண்டு இடத்தில் அடிபடும். ஒன்று, நம் ஊரில் தினமும் நடக்கும் பாகப்பிரிவினையும் விடுதலையும் (கூட்டுச் சொத்தில் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பது) இந்தச் சட்டத்தில் தனித் தலைப்பாக இல்லை. பாகப்பிரிவினை ஏற்கெனவே உள்ள கூட்டு உரிமையைப் பிரித்துக்கொள்வதே தவிர புதிய மாற்றம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சரின் எதிர் போப்லாய் வழக்கில் சொன்னது. விடுதலை என்று தலைப்பிட்ட பத்திரம் சில நேரம் தானமாகவே செயல்படலாம் என்பது குப்புசாமி செட்டியார் எதிர் ஆறுமுகம் செட்டியார் (1967) வழக்கில் வருகிறது. உயிலும் இங்கே இல்லை; பிரிவு 5 உயிரோடிருப்பவர்களுக்கிடையே நடப்பதை மட்டுமே பேசுகிறது.

இன்னொன்று இதைவிடப் பெரியது. அசையாச் சொத்து என்றால் என்ன என்பதை இந்தச் சட்டம் நேராகச் சொல்லவில்லை. பிரிவு 3, எது சேராது என்று மட்டும் சொல்கிறது: வெட்டுமரமாக நிற்கும் மரம், வளர்ந்து நிற்கும் பயிர், புல். நிலம், நிலத்திலிருந்து எழும் பலன், பூமியோடு இணைந்தவை, அப்படி இணைந்தவற்றோடு நிரந்தரமாகப் பொருத்தியவை எல்லாம் சேரும் என்பது 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம் 3(26)இல் இருக்கிறது. மரத்திலுள்ள பழமும் மரத்திலுள்ள சாறும் அசையும் சொத்து என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 2(9)இல். மூன்றையும் ஒரே தாளில் எழுதி பேர் ஆக்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். தேர்வறைக்கு எடுத்துச்செல்வதாக இருந்தால் அதற்குத் தனிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்புகள்

ஒட்டிய அந்தத் தாளுக்கு உயிர் கொடுப்பவை தீர்ப்புகள். சாந்தாபாய் எதிர் பம்பாய் மாநிலம் (1958) வழக்கில், கணவர் மனைவிக்கு 26,000 ரூபாய்க்குக் காட்டில் மூங்கிலும் மரமும் வெட்டிக்கொள்ளும் உரிமையைப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் எழுதிக் கொடுத்தார். பத்திரம் பதிவாகவில்லை. நீதிபதி விவியன் போஸ் அதில் மரத்துக்கும் வெட்டுமரத்துக்கும் வித்தியாசம் காட்டினார். சீக்கிரம் வெட்டி எடுப்பதற்காக நிற்கும் மரம் வெட்டுமரம், அசையும் பொருள். இன்னும் பல ஆண்டு மண்ணிலிருந்து சத்து உறிஞ்சி வளரவேண்டிய மரம் அசையாச் சொத்து. பல ஆண்டுகளுக்கு உள்ளே போய் வெட்டிக்கொள்ளும் உரிமை நிலத்திலிருந்து எழும் பலன். அதற்குப் பதிவு வேண்டும். சிலிகா ஏரியில் எதிர்வரும் ஆண்டுகளுக்கு மீன் பிடிக்கும் உரிமை பற்றிய ஆனந்த பெஹரா (1956) வழக்கும் இதே வழியில் போகிறது.

இதை மாந்தோப்புக்குப் பொருத்திப் பாருங்கள். இப்போது காய்த்துத் தொங்கும் காயை மொத்தமாக விலைபேசி வாங்கினால் அசையும் பொருள் வாங்கியதாகும். ஐந்தாண்டுக்குத் தோப்பில் நுழைந்து பறித்துக்கொள்ள எழுதி வாங்கினால் பேச்சே வேறு. மோட்டார் கொட்டகையில் இருக்கும் ஆயில் எஞ்சின்? தன் சொந்த இயக்கத்துக்காகப் பூமியில் பொருத்திய எஞ்சின் அசையும் பொருளே என்றது சென்னை உயர் நீதிமன்றம், பெருமாள் நாயக்கர் எதிர் ராமசாமி கோனே வழக்கில். எவ்வளவு இறுக்கமாகப் பொருத்தினார்கள் என்பதோடு எதற்காகப் பொருத்தினார்கள் என்பதும் சேர்ந்தே முடிவு செய்யும்.

தீர்ப்பிலிருந்தே தொடங்குவது நேரத்தைத் தின்னும். ஒரு தீர்ப்பை ஒழுங்காகப் படிக்க ஒரு மாலை ஆகும். அடிப்படை தெரியாதபோது எந்தப் பத்தி முக்கியம் என்றே தெரியாது. தலைக்குறிப்பை (தீர்ப்பின் மேலே உள்ள சுருக்கத்தை) மட்டும் எழுதிக்கொள்பவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள்: உண்மைச் சூழல் மாறிய கேள்வி வந்தால் அதே முடிவை எழுதிவிடுகிறார்கள்.

முழுதாகப் படிக்க எங்கள் தேர்வு: சாந்தாபாய், இல்லாத உரிமையை விற்றவருக்குப் பின்னால் அந்த உரிமை வந்துசேர்வது பற்றிய ஜும்மா மஸ்ஜித் (1962), குத்தகையா, வெறும் அனுமதியா என்று பிரித்துக் காட்டும் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் எதிர் கபூர் (1959), பவர் பத்திரத்தால் உரிமை மாறாது என்ற சூரஜ் லேம்ப் (2011), சுவாதீனத்தையும் அனுபவத்தையும் ஆயுள்வரை தன்னிடம் வைத்துக்கொண்டு எழுதிய தானம் செல்லும் என்ற ரெனிகுண்ட்லா ராஜம்மா (2014), ஒத்தியை (கடனுக்காகச் சொத்தை அனுபவத்தில் விட்ட அடமானத்தை) மீட்க வெறும் காலக்கணக்கு தடையாகாது என்ற சிங் ராம் எதிர் ஷியோ ராம் (2014). தமிழ்நாட்டில் தொழில் செய்யப்போகிறவர்கள் ஹேமலதா எதிர் கஸ்தூரி (2023) வழக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயமாகப் பதிவு செய்யவேண்டும் என்று தமிழ்நாடு 2012இல் திருத்தம் கொண்டுவந்த பிறகும், பதிவாகாத ஒப்பந்தத்தை, அதை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். 53ஏ பாதுகாப்பு கிடைக்காது, ஆனால் இந்த வழக்குக்குப் பயன்படும். இரண்டையும் குழப்பி எழுதாதவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

பத்திரம்

யாரும் பாடப்பொருளாகக் கருதாதது இதுதான்; எங்களுக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். வீட்டிலோ உறவினரிடமோ ஒரு கிரயப் பத்திரத்தின் நகல் கிடைக்கும். கூடவே அதே சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் தளத்திலும், பட்டா சிட்டாவை வருவாய்த்துறையின் இணையச் சேவையிலும் பாருங்கள்.

பத்திரத்தை வரிவரியாகப் பிரிவோடு இணையுங்கள். "கிரயத் தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி பிரிவு 54. விலை கொடுத்திருக்கலாம், கொடுப்பதாகச் சொல்லியிருக்கலாம், பாதி கொடுத்து மீதி சொல்லியிருக்கலாம், மூன்றும் விற்பனைதான். பாக்கி நின்றால் விற்றவருக்கு அந்தச் சொத்தின் மேல் பொறுப்புரிமை (பாக்கியை அந்தச் சொத்திலிருந்து வசூலிக்கும் உரிமை) உண்டு என்பது 55(4)(பி). "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரத்துடன் ஆண்டனுபவித்துக்கொள்ளவும்" என்பது முழு உரிமை கைமாறியதைச் சொல்கிறது. இப்படி எழுதிவிட்டு "ஆனால் வீடு கட்டக் கூடாது, விவசாயம் மட்டுமே" என்று கீழே சேர்த்தால், தனக்குப் பக்கத்தில் வேறு நிலம் இருந்து அதன் நலனுக்காகச் சொன்னாலொழிய, பிரிவு 11படி அந்தத் தடை நிற்காது. "கிணற்றில் பாதி பாத்தியம், மாமூல் வண்டிப்பாதை பாத்தியம்" என்பது பிரிவு 8ம் ஈஸ்மென்ட் சட்டமும் சந்திக்கும் இடம். "பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் ஏற்பட்டால் என் சொந்தப் பொறுப்பில் தீர்த்துக் கொடுப்பேன்" என்ற வரி பத்திரத்தில் இல்லாவிட்டாலும், விற்கும் உரிமை தனக்கு உண்டு என்ற உறுதிமொழியை 55(2) தானாகவே சேர்த்துவிடும். நான்கெல்லை, சர்வே எண், விஸ்தீரணம் எல்லாம் சொத்தை அடையாளம் காட்டத்தான்; அது பதிவுச் சட்டம் பிரிவு 21.

கடைசிப் பக்கத்தில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருப்பார்கள். இங்கேதான் பல விடைத்தாள்கள் தவறுகின்றன. விற்பனைக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்று பிரிவு 54 சொல்லவில்லை. அது வழக்கத்தில் வந்தது. சட்டமே இரண்டு சாட்சி கேட்பது அசையாச் சொத்தின் தானத்துக்கும் (123), பதிவு தேவைப்படும் அடமானத்துக்கும் (59).

அந்த 59ஐ நகரத்தில் ஒத்திக்கு வீடு எடுப்பதோடு சேர்த்துப் பாருங்கள். பெருந்தொகை கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்பப் பெறுவது நடைமுறை. முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு நிறுத்திவிடுகிறார்கள். 100 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகைக்கு, மூலப்பத்திரத்தை ஒப்படைத்து வைக்கும் அடமானம் தவிர மற்றதெல்லாம் பதிவாக வேண்டும். பதிவாகாததால் குடியிருப்பவர் அடமானதாரராக நிற்க முடியாமல் போகிறது. வீடு இன்னொருவருக்கு விற்கப்பட்டால் பணத்துக்கு விற்றவரைத் தேட வேண்டிவரும்.

பத்திரத்தோடு மட்டும் நின்றாலும் ஆபத்து உண்டு. பட்டாவில் பெயர் இருந்தால் சொத்து அவருடையது என்ற நம்பிக்கை ஊரில் ஆழமாக இருக்கிறது. அதை அப்படியே விடைத்தாளில் எழுதுபவர்கள் உண்டு. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறுவதால் உரிமை பிறப்பதும் இல்லை, போவதும் இல்லை என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்னது. வில்லங்கச் சான்றும் பதிவானதை மட்டுமே காட்டும். உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நிலுவையிலுள்ள வழக்கு அதில் தெரியாமல் போகலாம்.

அசையும் சொத்து எங்கே போயிற்று?

பாடத்திட்டம் அதை வேறு தாளில் வைத்திருக்கிறது. 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும், ஒப்பந்தச் சட்டத்தின் ஒப்படைப்பு (பொருளைத் திரும்பப் பெறும் நோக்கில் இன்னொருவரிடம் கொடுப்பது, 148 முதல்), அடகு (172 முதல்) பகுதிகளும் ஒப்பந்தச் சட்டம் இரண்டாம் தாளில் வரும். இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கே சொத்துரிமை முழுதாகத் தெரியும். நகைக்கடன் அடகு: பொருள் வங்கியின் கையில், உரிமை உங்களிடம், ஏலம் விட முன்கூட்டி நியாயமான அறிவிப்பு வேண்டும் (176). வாகனக் கடனில் வண்டி உங்களிடமே இருக்கும். நில அடமானத்தில் சுவாதீனம் வகைக்கு வகை மாறும். தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் கொடுக்க முடியாது என்ற விதி பொருள் விற்பனைச் சட்டத்தில் பிரிவு 27; அதன் விலக்குகளை நிலத்துக்கான 41, 43 பிரிவுகளோடு ஒரே பக்கத்தில் இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள்.

யாருக்கு எது

சிவில் நீதிபதி தேர்வை நோக்கிப் படிப்பவர் பேர் ஆக்டையும் பத்திரத்தையும் விடக்கூடாது. அங்கே மொழிபெயர்ப்புத் தாள் தனியாக உண்டு, பத்திர நடை பழகியவருக்கு அது சுமையாக இருக்காது. மேற்படிப்பும் ஆராய்ச்சியும் நினைப்பவர் பாடநூலுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கலாம். வேலையில் இருப்பவர் வாரம் மூன்று மாலை பேர் ஆக்ட், ஞாயிறன்று ஒரு தீர்ப்பு என்று வைத்துக்கொண்டால் தாக்குப்பிடிக்கும்.

தேர்வுக்கு மூன்று வாரமே இருக்கிறது என்றால் புதிய தீர்ப்பு எதையும் தொடாதீர்கள். ஐந்து மாற்றங்களுக்கும் தலா ஒரு பக்கம் எழுதுங்கள்: வரையறை, பதிவு வேண்டுமா, சாட்சி வேண்டுமா, சுவாதீனம் மாற வேண்டுமா, திரும்பப் பெற முடியுமா. பிரச்சினைக் கேள்வி வந்தால் முதல் வரியில் சொத்து அசையுமா அசையாததா என்று முடிவு செய்யுங்கள். இரண்டாவதாக எந்த மாற்றம், மூன்றாவதாக என்ன முறைப்படி நடந்திருக்க வேண்டும், அதன் பிறகே யாருக்கு என்ன பரிகாரம். பரிகாரத்திலிருந்து பின்னோக்கி எழுதும் விடைகளில் பதிவு பற்றிய கேள்வியே விடுபட்டுப் போகிறது.